மாட்டியதைக் கழற்றி ஒப்படைக்கவும்

ஐந்து மணிச் சங்கு ஊதியதும் இருபது பேரும் ஒரே சமயத்தில் பல்பில் கை வைப்போம்.

சங்கு எங்களுடையது அல்ல. ஆண்டிப்பட்டி ரோட்டில் இருந்த ஒரு நூற்பாலையுடையது. எங்கள் பயிற்சி மையத்துக்கு மணி ஒன்று வாங்கித் தரச் சொல்லி எழுதிய கடிதம் மதுரையில் ஏதோ ஒரு மேஜையில் படுத்துக் கிடந்தது. அது எழுந்து வரும்வரை மில் சங்கை இரவல் வாங்கிக்கொண்டிருந்தோம்.

முதலில் பல்ப். பிறகு ஹோல்டர். பிறகு சுவிட்ச். அதன்பின், காலையிலிருந்து முதுகு ஒடியச் சுவரில் ஓட்டிய வயரைக் கிளிப் கிளிப்பாக விரித்து, உருவி, சுற்றிக் கட்டுவோம். வளைந்த கிளிப்பைக் கட்டைவிரல் நகத்தால் நீவி நிமிர்த்துவோம். கடைசியில் வயர் ஓடிய மரச் சட்டத்தையும் திருகாணிகளையும் கழற்றி எடுத்துக்கொண்டு ஸ்டோர் ஜன்னல் முன்னால் வரிசையாக நிற்போம். எல்லாம் பன்னிரண்டு நிமிஷம். அதற்கு மேல் ஆனால் எங்களில் பாதிப் பேருக்கு ஊருக்குப் போகிற பஸ் போய்விடும்.

ஜன்னலுக்கு உள்ளே ஸ்டோர் கீப்பர் பரமசிவம் உட்கார்ந்திருப்பார். மனிதர் குண்டூசியைக்கூடப் பெற்ற பிள்ளை மாதிரி பார்ப்பவர்.

"கிளிப்பு நாப்பது குடுத்தேன். முப்பத்தொம்பதுதான இருக்கு? ஒண்ணு எங்கலே?"

"கழட்டும்போது தெறிச்சு விழுந்துருச்சுண்ணே."

"விழுந்தா அங்கனதான கெடக்கும்? மொளைச்சு மரமாவா போயிரும்? போய்த் தேடுலே."

தேடுவோம். கிடைக்கும். கிடைக்காமல் வீட்டுக்குப் போனவன் அந்த ஒரு வருஷத்தில் எவனும் இல்லை. ஜன்னலுக்கு மேலே சிவப்புப் பெயின்டில் பெரிதாக எழுதியிருந்தது: 'மாட்டியதைக் கழற்றி ஒப்படைக்கவும்'. எங்கள் பாடத்திட்டத்தில் நாங்கள் முழுசாகத் தேறிய வரி அது ஒன்றுதான்.

கெங்குவார்பட்டி வாசகர் ஒருவர் போன வாரம் கடிதம் எழுதியிருந்தார். "மில் கதையை ஏழு வாரமாகச் சொல்கிறீர்கள். மில்லுக்குள் எப்படி நுழைந்தீர்கள் என்று மட்டும் சொல்லக் காணோமே, சுவர் ஏறிக் குதித்தீர்களா?" என்று கேட்டிருந்தார். சுவர் ஏறிக் குதித்திருந்தால் முதல் வாரமே பெருமையாக எழுதியிருப்பேன். வேண்டுமென்றேதான் தாண்டிப் போனேன். கேட்டுவிட்டார், சொல்லிவிடுகிறேன்.

கரண்ட் வந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்

எழுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். வேலையில்லாத இளைஞர்களுக்கு வீட்டு வயரிங் சொல்லிக் கொடுத்து வேலையும் வாங்கிக் கொடுப்பதாக ஒரு திட்டம் வந்தது. அந்தக் காலத்தில் இப்படித் திட்டங்கள் ஆடிக் காற்று மாதிரி வரும். கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போகும்.

தேனியில் இடம் தேடினார்கள். மிளகாய் வத்தல் அடுக்கிவைத்திருந்த பழைய கிட்டங்கி ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. மூட்டைகள் போய்விட்டன. நெடி போகவில்லை. சுவரில் ஓர் ஆணி அடித்தால் போதும், காரையோடு நாலு வருஷத்து மிளகாய்த்தூளும் சேர்ந்து உதிரும். இருபது பேரும் தும்முவோம். தெருவில் போகிறவர்கள் அதை வைத்துத்தான் வகுப்பு நடக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள்.

திறப்பு விழாவுக்குப் பெரிய அதிகாரி வந்தார். குத்துவிளக்கு ஏற்றி வைத்தார். வேறு விளக்கை ஏற்ற வழியில்லை, கட்டடத்தில் மின் இணைப்பு கிடையாது. 'இருளை விரட்டும் இளைஞர் படை' என்று அவர் எழுதிக் கொண்டுவந்த உரையை வாசிக்க, பக்கத்தில் நின்று பரமசிவம் டார்ச் அடித்தார்.

இணைப்பு ஏன் இல்லை என்றால், இணைப்பு வாங்க முதலில் கட்டடத்துக்கு வயரிங் செய்ய வேண்டும். வயரிங் படிக்கிற இருபது பேர் உள்ளேயே இருந்தோம். ஆனால் எங்களுக்கு லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் உள்ளவரை டெண்டர் விட்டுத்தான் எடுக்க வேண்டும். டெண்டர் மதுரையில் இருந்தது, எங்கள் மணிக்குப் பக்கத்து மேஜையில் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஆசிரியர் தேவசகாயம் சார் நல்ல மனிதர். பஜாரில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் வருவார். கரும்பலகையில் அவர் வரைகிற சர்க்யூட்டைப் பார்த்தால் கோலப் போட்டிக்கு அனுப்பலாம் போலிருக்கும். மாலையில் ஒவ்வொரு சுவராக வந்து நின்று மார்க் போடுவார்.

"கரண்ட் வந்துட்டதா நெனச்சுக்கங்க. சுவிட்சப் போடு. எரியுதா?"

"எரியுது சார்."

"நல்லா எரியுதா?"

"பிரமாதமா எரியுது சார்."

ஒருநாள் என் வயர் இணைப்பு தப்பு. அது என்றைக்கும் எரியாது என்று எனக்கே தெரியும். ஆனால் பக்கத்தில் நின்ற நாலு பேர் "எரியுது சார்" என்றார்கள். ஏழு மார்க் விழுந்தது. பெரும்பான்மை வாக்கில் எரிந்த பல்ப் அது.

வெள்ளிக்கிழமைக்கு மட்டும் அப்பா

நான் தேவதானப்பட்டி. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு காலை வாரியது. இங்கே வராமல் போயிருந்தால் மாமாவின் பலசரக்குக் கடையில் பொட்டலம் மடித்திருப்பேன். அதில் ஒரு கஷ்டமும் இல்லை. மாமா நல்லவர், கடை நன்றாக ஓடியது. மாட்டேன் என்று நான் முறுக்கிக்கொண்டதற்குக் காரணம், பேன்ட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற ஆசை. வேறொன்றும் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காசிம் அண்ணன் உத்தமபாளையம். எங்கள் எல்லோரையும்விட ஏழெட்டு வயது மூத்தவர். குமுளி மலை ஏறுகிற லாரியில் கிளீனராக இருந்தவர். ஒரு கொண்டை ஊசி வளைவில் லாரி பின்னால் உருண்டு, சக்கரத்துக்குக் கட்டை போடப் போன இவர் மயிரிழையில் தப்பியிருக்கிறார். அன்றோடு லாரி வேண்டாம் என்று இறங்கிவிட்டார். அப்போது கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை.

மாமனார் கம்பத்தில் வாழைத்தார் வியாபாரம். கறாரான ஆள். "ஒமக்கு ஒரு நெலையான வேலை வரட்டும் மாப்ளே. அது வரைக்கும் எம் மக எங்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். சண்டை போட்டுச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பிரியாணி பரிமாறிக்கொண்டே சொன்னாராம்.

வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, காசிம் அண்ணன் கம்பம் போய் மனைவியையும் குழந்தையையும் பார்த்துவிட்டு வருவார். பிள்ளைக்கு இரண்டு வயது. தாத்தாவைத்தான் அத்தா, அத்தா என்று அப்பாவைப் போலக் கூப்பிடுமாம். இவரைப் பார்த்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளுமாம்.

"போன வாரம் ஒரு பிஸ்கட்ட நீட்டுனேன் தம்பி. வாங்கிருச்சு. வாங்கிட்டு என்ன சொல்லுச்சு தெரியுமா? 'நீங்க எப்ப ஒங்க வீட்டுக்குப் போவீக?'ன்னு கேக்குது."

சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்களும் சிரித்தோம். பிறகு அவர் நூல் பிடித்துச் சுவரில் கோடு போட ஆரம்பித்துவிட்டார். நாங்கள் ஏன் சிரித்தோம் என்று இருந்தது.

கைவேலையில் அவருக்குப் பக்கத்தில் நிற்க எங்களில் ஆள் கிடையாது. என் வயர் சுவரில் ஊர்ந்து போகும். அவருடையது நிமிர்ந்து போகும். கிளிப்புக்கும் கிளிப்புக்கும் நடுவே விரல் வைத்து அளந்தாற்போல இடைவெளி இருக்கும். கழற்றுவதிலும் அவர்தான் முதல். பத்தே நிமிஷத்தில் ஸ்டோர் ஜன்னலில் நிற்பார். "ஒங்கிட்ட எண்ணவே வேணாம் பாய்" என்று சொல்லிவிட்டு, பரமசிவம் எண்ணுவார்.

ஷாக் அடித்தவரைக் காப்பாற்றும் முறை

பாடத்திட்டத்தில் ஷாக் அடித்தவனைக் காப்பாற்றுவது என்று ஒரு பாடம் இருந்தது. கரண்ட் இல்லாத இடத்தில் ஷாக்குக்கு எங்கே போவது? காசிம் அண்ணன் நானிருக்கிறேன் என்று முன்னால் வந்தார்.

செத்துப்போன வயரைப் பிடித்துக்கொண்டு அவர் துடித்த துடிப்பு இருக்கிறதே! கண்ணைச் செருகி, பல்லைக் கடித்து, உடம்பை வில்லாக வளைத்துத் தடாலென்று விழுந்தார். காய்ந்த குச்சியோடு தயாராக நின்ற நாங்கள் குச்சியைப் போட்டுவிட்டு ஓடினோம். வாசலில் டீக்கடை வைத்திருந்த பேச்சியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி, பாய்க்கு வலிப்பு வந்துருச்சே!" என்று ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வந்து அவர் தலையில் கொட்டினாள்.

"தண்ணி ஊத்தக் கூடாது! தண்ணி ஊத்தக் கூடாது!" என்று தேவசகாயம் சார் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார். இல்லாத கரண்டுக்கு அவர் அவ்வளவு பயந்தார்.

தரையில் கிடந்த காசிம் அண்ணன் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "நான் பொழச்சனா சார்?" என்று கேட்டார்.

வேலை வாங்கித் தர வந்தவர்

படிப்பு முடிகிற சமயம் மதுரையிலிருந்து வேலைவாய்ப்பு வழிகாட்ட ஓர் அதிகாரி வந்தார். நேர்முகத் தேர்வுக்கு எப்படிப் போவது என்று ஒரு மணி நேரம் பேசினார். ஷூ பளபளவென்று இருக்க வேண்டும். எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். எழுந்து வரும்போது நன்றி சொல்ல வேண்டும்.

இருபது ஜோடிக் கால்களும் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்தன. பாதிக் கால்களில் டயர் செருப்பு, மீதியில் அதுவும் இல்லை.

காசிம் அண்ணன் எழுந்தார். "சார், ஷூ போட்டுக்கிட்டு ஏணியில ஏறுனா வழுக்காதுங்களா?"

"ஏணியெல்லாம் வேலை கிடைச்சதுக்கு அப்புறம்ப்பா. வேலை கிடைக்கிறதுக்கு ஷூ."

பிறகு அவர் சுயதொழில் பற்றிப் பேசினார். இருபது பேரும் இருபது கடை வைக்கலாம் என்றார். அப்போதைய தேனியில் அத்தனை கடைக்கும் வேலை இருக்க வேண்டுமென்றால் வாரம் ஒருமுறை ஊர் முழுவதும் ஷார்ட் சர்க்யூட் ஆக வேண்டும். கடைசியாக, மதுரை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைக்கச் சொன்னார். போனோம். அங்கிருந்த குமாஸ்தா தன் அச்சடித்த பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தார். எங்கள் படிப்பு அதில் இல்லை. 'இதர' என்று எழுதிக்கொண்டார்.

எங்கள் வாலிபம் முழுக்க நாங்கள் 'இதர'தான்.

ஒரு இடம், இரண்டு பேர்

அதிகாரிகளை நம்பிப் பயனில்லை என்று தேவசகாயம் சாருக்கும் தெரிந்துவிட்டது. அவரே அந்த மில்லுக்கு நடந்தார். ஒருமுறை அல்ல, ஏழெட்டு முறை. மனிதர் யாரிடமும் போய் நின்று பழகாதவர். எங்களுக்காக நின்றார். கடைசியில் மில்லின் எலெக்ட்ரிக் செக்‌ஷனில் ஒரே ஓர் அப்ரன்டிஸுக்கு இடம் கிடைத்தது. ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தால் நிரந்தரம். நிரந்தரமானால் மில் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைனில் ஒரு வீடு.

"ரெண்டு பேர அனுப்புங்க, வேலை குடுத்துப் பாத்து ஒருத்தர எடுத்துக்கறோம்னு சொல்லிட்டாக" என்றார் சார். "காசிம் ஒண்ணு. இன்னொண்ணு யாரு?"

மார்க் பட்டியலில் இரண்டாவதாக நான் இருந்தேன். எரியாத பல்புகளின் புண்ணியம்.

சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாய்க்குத்தான் கெடைக்கும். நீ அனுபவத்துக்குப் போய்ட்டு வா" என்றார். நியாயமான பேச்சு. எனக்குச் சுருக்கென்றது. அந்த ராத்திரியே பேன்ட்டைத் தேய்த்து வைத்தேன்.

மில்லில் புதிதாக ஒரு கேன்டீன் கட்டியிருந்தார்கள். நடுவே ஒரு சுவர், அதில் கதவு வைக்காத வாசல். இந்தப் பக்கச் சுவர் எனக்கு, அந்தப் பக்கச் சுவர் காசிம் அண்ணனுக்கு. ஆளுக்கொரு விளக்கு, ஒரு சுவிட்ச். ஐந்து மணிக்குள் முடிக்க வேண்டும். போர்மேன் ரெங்கசாமி சொன்னது அவ்வளவுதான். கனத்த மீசை, சுருக்கமான பேச்சு. "முடிங்க. வந்து பாக்கேன். யாருடையது தேறுதோ அவரு இன்னைக்கே பாரத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போகலாம்."

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். புதுச் சுவர், தும்மல் வரவில்லை. அதுவே என்னமோ போலிருந்தது. நாலு மணிவாக்கில் போர்மேன் ஒரு சுற்று வந்தார். என் சுவரை நடந்தபடியே பார்த்தார். அந்தப் பக்கம் போய் ரொம்ப நேரம் நின்றார்.

"யாருய்யா ஒமக்குச் சொல்லிக் குடுத்தது?"

"தேவசகாயம் சாருங்க."

"நூலு பிடிச்சாப்ல இருக்கு."

முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாமா கடையின் வெல்ல வாசனை மூக்குக்கு வந்தது. வாய்விட்டு அழவேண்டும்போல் இருந்தது. பொறாமை என்று இன்றைக்குப் பெயர் சொல்கிறேன், அன்றைக்கு அதை வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலேமுக்காலுக்கு இருவரும் முடித்தோம். மில் எலெக்ட்ரீஷியன் வந்து முதலில் என் பக்கத்துக்கு லைன் கொடுத்தார். சுவிட்சைப் போட்டேன். எரிந்தது. பெரும்பான்மை வாக்கு ஏதுமில்லாமல், தானாகவே, கண் கூச எரிந்தது. ஒரு வருஷம் வயரிங் படித்தவன் தன் கையால் எரியவைத்த முதல் விளக்கை அன்றுதான் பார்த்தேன். அணைக்க மனசு வரவில்லை.

"பாய்க்கு டீ குடிச்சிட்டு வந்து குடுக்கேன்" என்று எலெக்ட்ரீஷியன் போய்விட்டார். காசிம் அண்ணனின் பல்ப் இருட்டாகவே இருந்தது. எங்கள் கிட்டங்கியில் இருந்ததைப் போலவே.

சங்கு

மணி ஐந்து. சங்கு ஊதியது.

ஒரு வருஷம் அரை மைலுக்கு அப்பாலிருந்து கேட்ட சங்கு, இப்போது தலைக்கு மேலேயே ஊதியது. நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற இடத்துக்கே அது போகவில்லை. ஸ்டூலில் ஏறினேன், கை நேராகப் பல்புக்குப் போனது. இறுக்கிப் பிடித்தேன்.

கால் மணி நேரமாக எரிந்துகொண்டிருந்த நூறு வாட் பல்ப். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தீய்ந்தன. கையை உதறிக்கொண்டு கீழே குதித்தபோதுதான் எனக்கு உறைத்தது. இது கிட்டங்கி இல்லை. இங்கே பரமசிவம் இல்லை. இதைக் கழற்றக் கூடாது.

வாசல் வழியாக அந்தப் பக்கம் பார்த்தேன்.

காசிம் அண்ணன் எனக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் நின்றுகொண்டிருந்தார். பல்பைக் கழற்றிப் பத்திரமாகக் கீழே வைத்தாயிற்று. ஹோல்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஏதோ பாட்டு முணுமுணுப்பாகக் கேட்டது. வேலை முடிந்த மனுஷனின் நிம்மதியான முணுமுணுப்பு.

"அண்ணே" என்று கூப்பிட்டிருந்தால் போதும். ஒரே சொல். அப்போது கூப்பிட்டிருந்தால் ஹோல்டரைத் திரும்ப மாட்ட இரண்டு நிமிஷம். வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

மூடிக்கொண்டேன்.

வெந்த விரலை உதட்டில் வைத்து ஊதியபடி நின்று பார்த்தேன். சுவிட்ச் இறங்கியது. கிளிப்புகள் ஒவ்வொன்றாக விரிந்தன. அவர் நகத்தால் நீவி ஒவ்வொன்றையும் நிமிர்த்தினார். வயரைச் சுற்றினார். சட்டத்தைக் கழற்றினார். அந்தப் பத்து நிமிஷத்தில் ஒவ்வொரு கிளிப்புக்கும் ஒரு தரம் நான் அவரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அரசாங்கத்தைத் திட்டி இவ்வளவு நேரம் எழுதினேன். கழற்றக் கற்றுக்கொடுத்தது அரசாங்கம்தான். வாயை மூடிக்கொள்ள எனக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவர் மில் ஸ்டோருக்கே போய்விட்டார். அங்கே இருந்தவரிடம், "கிளிப்பு முப்பத்தாறு. எண்ணிக்கிருங்க. கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்று கேட்டிருக்கிறார். மில் சரித்திரத்திலேயே கொடுத்த கிளிப்பை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லையாம். ஸ்டோர்காரர் திகைத்துப்போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

போர்மேன் வந்தபோது என் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் வெறும் சுவர், நூல் பிடித்தாற்போல் வரிசையாக ஓட்டைகள்.

"இங்கன இருந்த வேலை எங்கய்யா?"

அப்போதுதான் திரும்பி வந்த காசிம் அண்ணன் தன் சுவரைப் பார்த்தார். என் விளக்கைப் பார்த்தார். கையில் ஸ்டோர்காரர் கையெழுத்துப் போட்ட சீட்டு.

"கழட்டிட்டேன் சார்... சங்கு ஊதுச்சு... அங்கன எப்பவும்..." சீட்டை நீட்டினார். "அரை மணி நேரம் குடுங்க சார். அப்படியே மாட்டிர்றேன். ஓட்டை எல்லாம் இருக்கு சார்."

நான் பேசியிருக்கலாம். அதுதான் கடைசி வாய்ப்பு. எங்கள் மையத்தின் வழக்கத்தை விளக்கியிருக்கலாம், நானும் கழற்றத்தான் போனேன் என்று கையைக் காட்டியிருக்கலாம். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

போர்மேன் கல்நெஞ்சர் இல்லை. கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "ஒம்ம வேலைய நான் பாத்தேன். குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா இங்கன ஒரு நாளைக்கு நாலு தடவ சங்கு ஊதும் பாய். ஒவ்வொரு சங்குக்கும் நீரு மோட்டாரக் கழட்டிக் கையில குடுத்தா நாங்க என்ன செய்ய?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். காசிம் அண்ணனும் சிரிக்கப் பார்த்தார்.

பேனா

பின்னால் அவர் நன்றாகத்தான் இருந்தார். வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வயரிங் வேலை கிடைத்தது. மனைவியும் மகளும் அவரோடு வந்து சேர மேலும் மூன்று வருஷம் ஆயிற்று. அதற்குள் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்துவிட்டது. நன்றாக இருந்தார் என்று எழுதுகிறேனே தவிர, அந்த மூன்று வருஷத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் முப்பத்திரண்டு வருஷம் மில்லில் வேலை பார்த்தேன். லைன் வீட்டில்தான் என் பிள்ளைகள் பிறந்தார்கள். அந்த வருஷத்துத் திட்ட அறிக்கையில், பயிற்சியால் வேலை பெற்றவர் என்று என் பெயர் அச்சில் வந்ததாகத் தேவசகாயம் சார் சொன்னார்.

அன்று மாலை போர்மேன் பாரத்தைக் கேன்டீன் மேஜையில் வைத்து, "போடுப்பா கையெழுத்து" என்றார்.

என்னிடம் பேனா இல்லை. சட்டைப் பையைத் தடவினேன். காசிம் அண்ணன் தன் பையிலிருந்து எடுத்து நீட்டினார். மை நிரப்பிய புதுப் பேனா. பார்த்தாலே தெரிந்தது, அதைக்கொண்டு இன்னும் யாரும் ஓர் எழுத்துகூட எழுதவில்லை.

"கையெழுத்துப் போடணுமேன்னு நேத்து வாங்குனது தம்பி. நீ போடு."

வாங்கினேன். பிடிக்க முடியவில்லை. விரல் இரண்டிலும் கொப்புளம் எழும்பிவிட்டது. பேனா நழுவி மேஜையில் உருண்டது.

"என்னலே இது?" என் மணிக்கட்டைப் பிடித்து விரலை வெளிச்சத்தில் திருப்பினார்.

"பல்பு சுட்ருச்சுண்ணே."

"எப்ப?"

"சங்கு ஊதுனப்ப."

அவர் என்னைப் பார்த்தார். எரிகிற விளக்கை ஒருமுறை பார்த்தார். கதவில்லாத வாசலைப் பார்த்தார். என் மணிக்கட்டு இன்னும் அவர் பிடியில்தான் இருந்தது. அடித்துவிட மாட்டாரா என்று நான் ஏங்கினேன்.

அவர் பேனாவின் கழுத்தைத் திருகித் திறந்தார். தீக்காயத்துக்கு அந்தக் காலத்துக் கைவைத்தியம் பேனா மைதான். அதை என் விரல்களில் கவிழ்த்து, கொப்புளம் உடையாமல் தன் சுண்டுவிரலால் மெல்லத் தடவிவிட்டார்.

"ஒடைச்சுப்புடாத. நாளைக்கு வேலைக்கு வரணும்ல?"

பிறகு கழுத்தைத் திருகி மூடி, பேனாவை என் கையில் பதனமாகப் பிடிக்கவைத்தார். மிச்சமிருந்த மையில் நான் கையெழுத்துப் போட்டேன்.